ஐந்தாவது மஞ்சள்

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் என் கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பேனர், கண்ணீர் அஞ்சலி, ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. படித்தது எம்.ஏ. சமூகவியல். அந்தப் படிப்புக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது என்று நான் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். குடும்பத்தின் வகைகள் யாவை என்று பரீட்சையில் கேட்டார்கள். பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். கடை போட்ட ஒரே வருடத்தில் அந்தப் பதில் தப்பு என்று தெரிந்துபோயிற்று. ஒரு பத்திரிகையில் யார் பெயர் மேலே இருக்கிறது, யார் பெயர் சின்ன எழுத்தில் இருக்கிறது, யார் பெயர் இல்லவே இல்லை என்று பார்த்தால் போதும். வாசற்படி ஏறாமலே அந்த வீட்டின் கதை தெரிந்துவிடும்.

மேஸ்திரியக்கா என் கடைக்கு முதலில் வந்தது குடும்ப அட்டை விஷயமாக. மானாம்பதி பக்கத்துக் காலனிக்காரி. நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக் கூட்டிப்போகிற மேஸ்திரி. சொந்தமாக அரை செண்டு நிலம் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் யார் வயலில் எந்தக் கிழமை நாற்று நடுவது என்பதை அவளைக் கேட்காமல் எந்த நிலத்துக்காரரும் முடிவு செய்ய முடியாது. இருபது பெண்களைக் குட்டி யானை வண்டியின் பின்னால் ஏற்றிவிட்டு, முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு போவாள். குள்ளமான, கறுத்த உருவம். குரல் மட்டும் இரண்டு வயல் தாண்டிக் கேட்கும். கடைக்குள் பேசும்போதும் அதே குரல்தான்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டேன்.

"நாலு தட்டு."

அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். நான், சின்னவ, பொண்ணு, மாமா என்று விரல்விட்டாள். கணினியில் ஒவ்வொருவருக்கும் உறவுமுறை கேட்டது. சின்னவள் உங்களுக்கு என்ன வேண்டும் என்றேன். எங்கூட கீறா என்றாள். அது சரி, முறை என்ன என்றேன். முறைதான் சொல்கிறேன், என்னோடு இருக்கிறாள், ஒன்றாக உழைக்கிறோம், ஒன்றாகத் தின்கிறோம் என்று பொறுமையாக, எனக்குத்தான் புத்தி மட்டு என்பதுபோல் விளக்கினாள். தங்கச்சி என்று போட்டுவிடட்டுமா என்று கேட்டதுதான் தாமதம், பொய் எழுதினால் கையை உடைப்பேன் என்றாள். உறவினர் என்ற பொதுக் கட்டத்தில் சின்னவளைப் போட்டு முடிப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. இத்தனைக்கும் கடையில் அன்று ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

சின்னவள் யாரென்று பிறகுதான் தெரிந்தது. மேஸ்திரியக்காவின் புருஷன் லாரி டிரைவர். கட்டி ஐந்து வருடம் குழந்தை இல்லை. ஆறாவது வருடம் வந்தவாசிப் பக்கத்திலிருந்து நாலு மாத வயிற்றோடு ஒருத்தியைக் கூட்டிவந்து வீட்டில் விட்டான். மூன்று வருடம் மூன்று பேரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அந்த மூன்று வருடத்தைப் பற்றி இரண்டு பேருமே என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசும்படி இருந்திருக்காது. அப்புறம் அவன் ஓசூர்ப் பக்கம் லோடு ஏற்றிப்போனவன் அங்கேயே மூன்றாவதாக ஒரு குடும்பம் பண்ணிக்கொண்டான். இங்கே மிஞ்சியது இரண்டு பெண்டாட்டி, இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை, அவனைப் பெற்ற அப்பா.

ஊர் வேடிக்கை பார்க்கத் தயாராக இருந்தது. பெரியவள் விரட்டுவாளா, சின்னவள் தானாகப் போவாளா என்பதுதான் பேச்சு. மகளின் சான்றிதழ்களை லேமினேஷன் போட வந்த ஒரு நாள் சின்னவளே எனக்கு அதைச் சொன்னாள். துணியை மூட்டை கட்டி வைத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாளாம். போக ஓர் இடமும் கிடையாது. அண்ணன் வீட்டில் ஏற்க மாட்டார்கள். வயலிலிருந்து திரும்பிய மேஸ்திரியக்கா காலில் காய்ந்த சேற்றோடு அந்த மூட்டையைப் பார்த்தாள்.

"நாளைக்கி ரெண்டு ஏக்கர் நடவு. ஆள் கொறையுது. வர்றியா?"

அவ்வளவுதான் கேட்டாள். நாற்றைக் கையால் தொட்டறியாத சின்னவள் மறுநாள் போனாள். வரிசை கோணிக்கொண்டு போயிற்று. இருபது பெண்களுக்கு நடுவில் மேஸ்திரியக்கா அவளைக் கிழிகிழி என்று கிழித்தாள். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் தெளிந்தது என்றாள் சின்னவள். அனுப்பிவிடுகிற எண்ணம் இருந்தால் திட்டித் திருத்த மாட்டாள் அல்லவா.

மேஸ்திரியக்காவை ஒரேயடியாக நல்லவளாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அவளோடு பழகினவர்கள் இதைப் படித்தால் என்னை அடிப்பார்கள். வாய் என்றால் அப்படி ஒரு வாய். ஓடிப்போன அந்த ஆளின் பெயரை அந்த வீட்டில் யாரும் உச்சரிக்கக் கூடாது. பெற்ற அப்பாவுக்கும் அதே சட்டம். ஒரு பொங்கலன்று மகனை நினைத்துக் கிழவர் இலை முன்னால் அழுதுவிட்டார். "அழுவறதுன்னா வெளிய போய் அழுதுட்டு வா மாமா, சோத்துல உப்பு சரியாதான் கீது" என்றிருக்கிறாள். இது கொடுமை இல்லையா என்று நான் அவளிடமே கேட்டேன். கொடுமைதான் என்று ஒப்புக்கொண்டாள். அதே கிழவர் இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, நடவுக் காலத்தில், இருபது பெண்களையும் சின்னவளின் பொறுப்பில் விட்டுவிட்டு, பதினெட்டு நாள் கட்டிலுக்கடியில் படுத்துக் கிடந்தவளும் அவள்தான். புருஷனே இல்லை, மாமனார் எங்கிருந்து வந்தார் என்று பக்கத்துக் கட்டில்காரி கேட்டாளாம். புருஷனோடு சேர்ந்து மாமாவும் ஓடிப்போகவில்லையே என்று பதில் சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டுப் பெண்ணின் பாடுதான் எனக்குக் கவலையாக இருக்கும். மேஸ்திரியக்காவைப் பெரிம்மா என்றும் சின்னவளை அம்மா என்றும் கூப்பிட்டு வளர்ந்தவள். பி.காம் முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்க்க உனக்குத் தோன்றியதே இல்லையா என்று ஒரு முறை கேட்டுவிட்டேன். எங்கிருந்தோ நம்பர் வாங்கி, பெரிம்மாவுக்குத் தெரியாமல் ஒரே ஒரு தடவை போன் பண்ணினாளாம். நான்தான் உங்கள் மகள் என்று சொன்னதும், வீட்டு வரி ரசீது இன்னும் என் பெயரில்தானே வருகிறது என்று கேட்டானாம். சொல்லும்போது அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்லூரிப் பிள்ளைகள் காலனிக்கு ஆய்வு செய்ய வந்த கதையும் உண்டு. அவர்களுடைய படிவத்தை நான்தான் ஜெராக்ஸ் போட்டுக்கொடுத்தேன். அதில் குடும்ப வகை என்று ஒரு வரி. தனிக்குடும்பம், கூட்டுக்குடும்பம், சிதைந்த குடும்பம் என்று மூன்று கட்டம். மேஸ்திரியக்காவிடம் நாலு கேள்வி கேட்ட மாணவி ஐந்தாவதைக் கேட்காமலே மூன்றாவது கட்டத்தில் டிக் போட்டுவிட்டாள். அவளுக்குத் தெரியாது, அறிவொளி வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள் என்று. மேஸ்திரியக்கா அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிப்போனாள். சோற்றுப் பானை, கிழவரின் நாற்காலி, பெண்ணின் சான்றிதழ் மாட்டிய சுவர், பின்னால் கட்டியிருந்த ஆடு, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இதுல எது செதஞ்சி கீதுன்னு தொட்டுக் காட்டு. நான் சரி பண்ணிக்கிறேன்."

மாணவி அழுதுவிட்டாள். அவளை உட்காரவைத்துக் கெண்டை மீன் குழம்பு ஊற்றிச் சோறு போட்டுத்தான் அனுப்பியிருக்கிறாள். மறுநாள் மேஸ்திரியக்கா என் கடைக்கு வந்து, வாங்கி வைத்திருந்த அதே படிவத்தை மேஜைமேல் வைத்தாள். நான் பிரதி எடுத்துக்கொடுத்ததோடு சரி, எழுதியது நான் இல்லை என்றேன். படித்தவள்தானே நீ, படித்துப் பார்க்காமலா போட்டாய் என்றாள். இந்தப் படிப்பைத்தான் நானும் படித்தேன் என்பதை அன்று சொல்லவில்லை.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன்.

கம்பெனி பஸ்ஸில் பழக்கமான பையன். வாலாஜாபாத் பக்கம். அப்பா அவனுடைய மூன்றாவது வயதிலேயே போய்விட்டார். அம்மா செங்கல் சூளையில் வேலை செய்து வளர்த்திருக்கிறாள். கல்யாணப் பேச்சு என்று வந்ததும் அதுவரை எட்டிப் பார்க்காத பெரியப்பா, குடும்பத்துக்குப் பெரியவர் நான்தான் என்று வந்து முன்னால் நின்றார். பத்திரிகை இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒன்றே போதும், அச்சடிக்கிற பொறுப்பு பிள்ளை வீட்டாருக்கு என்று பேசி முடித்தார்கள். பெண் வீட்டு விவரத்தை மேஸ்திரியக்கா முன்னாலேயே என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவள் பெயர், பக்கத்தில் சின்னவள் பெயர், ஆகிய எங்களின் மகள். வேறு ஒரு பெயரும் வேண்டாம்.

பெரியப்பா வெள்ளை வேட்டியில், கையில் வேறொரு தாளோடு வந்தார். அதில் அந்த ஆளின் பெயர் முதலில் இருந்தது. அடுத்தது சின்னவள். மேஸ்திரியக்கா இல்லவே இல்லை. நாலு பேர் பார்க்கிற பத்திரிகை, இரண்டு பொம்பளைகளுக்கு ஒரு பெண் என்று போட்டால் ஊர் சிரிக்கும் என்றார். பிள்ளை வீட்டுப் பக்கத்தைப் பார்த்தேன். காலமான தம்பி பெயர், பிறகு கொட்டை எழுத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும். பையனைப் பெற்றவள் எங்கே என்று கேட்டேன். அதான் அவள் வீட்டுக்காரர் பெயர் இருக்கிறதே என்றார். அவள் அப்போது கடைக்கு வெளியே, பைக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தாள். உள்ளே வாருங்கள் என்று நான் கூப்பிட்டும் வரவில்லை.

அவர் சொன்னபடியே ஐந்நூறு பத்திரிகை அடித்தேன். மேஸ்திரியக்காவுக்கு ஒரு போன் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதை மறைத்துவிட்டு அவளைப் பற்றி எழுதுவதில் அர்த்தமில்லை. நான் விவாகரத்து வாங்கியவள். மகளோடு அப்பா கட்டிய வீட்டின் மாடியில் இருக்கிறேன். என் அண்ணன் புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை என்னிடமே அடிக்கக் கொடுத்தபோது, அன்புத் தங்கை என்ற வரியை எடுத்துவிடு, அண்ணி வீட்டார் கேள்வி கேட்பார்கள் என்றான். எடுத்துவிட்டேன். என் பெயரை நானே, ஒரு பொத்தானை அழுத்தி. தன் பெயரையே எடுத்தவளுக்கு அடுத்தவள் பெயர் எம்மாத்திரம்?

பத்திரிகைக் கட்டை வாங்கிப்போக மேஸ்திரியக்கா வந்தாள். வேலைக்குப் போகிற வழி. வாசலில் குட்டி யானை நிறையப் பெண்கள். மேலே இருந்த பத்திரிகையை எடுத்து எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் படித்துக்கொண்டே வந்தாள். விரல் ஓர் இடத்தில் நின்றது. திரும்ப முதலிலிருந்து படித்தாள். அதே இடத்தில் நின்றது.

"இத்த யாரு போடச் சொன்னது?"

அவர்கள் சொன்னார்கள் என்றேன்.

"அவங்க சொன்னா போட்டுருவியா? உம் பேர எடுன்னு சொன்னா எடுத்துருவியா?"

என் அண்ணன் கதை அவளுக்குத் தெரியாது. தெரியாமல்தான் கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என் செலவில் மாற்றி அடித்துத் தருகிறேன் என்றேன். இரண்டு நாள் ஆகும். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாக்கி, நாலு திசையிலும் போய் அழைக்க வேண்டும், காத்திருக்க முடியாது என்றாள். அழுகையை நிறுத்து, பேஜார் பண்ணாதே என்று ஒரு அதட்டல் போட்டுவிட்டு வாசலைப் பார்த்து ஒருத்தியைக் கூப்பிட்டு, எதிர்க் கடையில் மஞ்சள் தூள் வாங்கிவரச் சொன்னாள்.

எங்கள் பக்கத்தில் பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவித்தான் கொடுப்பது. அது வீட்டில் வைத்துச் செய்கிற வேலை. அவள் என் கடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்தாள். வண்டியிலிருந்த பெண்கள் இறங்கி வந்து வயலில் நிற்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்தார்கள். மூலைக்கு ஒருத்தி என்று ஒவ்வொரு பத்திரிகையும் நாலு கை மாறி அவளிடம் வந்தது. அவள் கட்டை விரலை மஞ்சளில் தோய்த்து, அந்த ஆளின் பெயர்மேல் வைத்து, ஒரு இழுப்பு இழுத்தாள். பெயர் போய்விட்டது. அடுத்தது. ஐந்நூறும் அப்படியே. அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. வேலை செய்கிற முகம்.

ஜெராக்ஸ் எடுக்க வந்த வாத்தியார் ஒருவர், மேஸ்திரி, இது அபசகுனம் இல்லையா என்று கேட்டார்.

"மஞ்சள்தான பூசறேன், மண்ணையா பூசறேன்?" என்றாள் நிமிராமல்.

எனக்கும் ஒரு வேலை வைத்தாள். எடுத்த பெயரை நீயே எழுது என்றாள். காய்ந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, மஞ்சளுக்கு மேலே இருந்த சின்ன இடைவெளியில், நீல மையில் அவள் பெயரை எழுதினேன். மதியத்துக்குள் விரல் வீங்கிவிட்டது. அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஐந்நூறு முறை எழுதியாயிற்று, தெரியவேண்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. அடுத்த வருடம் அண்ணன் மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் பத்திரிகை அடிக்க வந்தபோது என் பெயரையும் என் மகள் பெயரையும் யாரையும் கேட்காமல் போட்டுக் கட்டிக் கொடுத்தேன். அண்ணன் இரண்டு மாதம் பேசவில்லை. நானும் பேசவில்லை, எனக்கு வேலை இருந்தது.

பெரியப்பாவுக்கு அவருடைய பங்குப் பத்திரிகைகள் போய்ச் சேர்ந்த அன்றே எனக்குப் போன் வந்தது. அவர் திட்டியதை எழுத முடியாது. மஞ்சள் மங்களம்தானே ஐயா என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசினேன். செய்ய வேண்டியதை நான் செய்துகொள்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டார்.

காலை ஏழரை மணி முகூர்த்தம். ஊர்க் கோயிலை ஒட்டிய மண்டபம். நான் போனபோது ஒரே ஒரு பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது: தாரை வார்த்துக் கொடுக்க மணையில் உட்காரப்போவது யார்? தம்பதியாக இரண்டு பேர் உட்கார்ந்து, பெண்ணின் கையைப் பிடித்து, தண்ணீர் விட்டுப் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அப்பா இல்லாவிட்டால் சொந்தத்தில் ஒரு ஜோடியை உட்கார வைப்பது வழக்கம். அப்படி ஒரு ஜோடியைப் பிள்ளை வீட்டிலிருந்தே தருகிறோம் என்று தூது வந்ததாம். மேஸ்திரியக்கா, ஜோடி என்றால் இரண்டு பேர்தானே, நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

அப்படியே வந்து உட்கார்ந்தும் விட்டார்கள். மேஸ்திரியக்கா அரக்குப் பட்டு, சின்னவள் பச்சை. முன்வரிசையில் கிழவர். பெண்ணும் பிள்ளையும் மாலையோடு எதிரே. சபையில் முணுமுணுப்பு இருந்தது. ஆனால் யாரும் எழுந்து போகவில்லை.

அப்போதுதான் பெரியப்பா வாசலிலிருந்து ஓர் ஆளைத் தோளைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். புதுச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, நரைத்த மீசை. நான் அவனை அதற்குமுன் பார்த்ததில்லை. கிழவர் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஓசூருக்கே ஆள் அனுப்பி அழைத்து வந்திருக்கிறார்.

பொண்ணோட அப்பா வந்தாச்சு, நீ எழுந்திரும்மா, அவர் உட்காரட்டும் என்று மேஸ்திரியக்காவிடம் சொன்னார். மேளம் நின்றுவிட்டது. பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெரிம்மாவின் முந்தானை நுனியை அவள் பிடித்திருந்ததை நான் பார்த்தேன். மேஸ்திரியக்கா அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள். இருபது வருடமாகப் பேசாமல் வைத்திருந்த வசவையெல்லாம் இப்போது கொட்டப்போகிறாள் என்று நினைத்தேன். நடவுக்கு நேரம் கழித்து வருகிறவளிடம் பேசுவாளே, அந்தக் குரலில் பேசினாள்.

"மணி இன்னா ஆவுது? வேல முடிஞ்சி கரையேறிட்டோம். பந்தி அந்தாண்ட. சாப்ட்டுட்டுப் போ."

அந்த ஆள் கிழவர் பக்கத்துக் காலி நாற்காலியில் போய் உட்கார்ந்தான். கிழவர் தன் கைத்தடியை எடுத்து இரண்டு நாற்காலிக்கும் நடுவில் நிறுத்திக்கொண்டார்.

பெரியப்பா விடுவதாக இல்லை. இந்த முறைகெட்ட சபையில் எங்கள் பிள்ளை உட்காரமாட்டான், நீ எழுந்து வாடா என்றார். பையன் வெளிறிப்போனான். எழுந்திருக்கவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. அவனைக் குறை சொல்ல மாட்டேன். கழுத்தில் மாலையோடு அந்த வயதில் எவனும் அப்படித்தான் விழிப்பான். ஆனால் இன்னும் ஒரு நிமிஷம் அப்படியே போயிருந்தால் கல்யாணம் நின்றிருக்கும். சின்னவள் எழுந்துவிடப் பார்த்தாள். அக்கா, நான் எழுந்துக்கிறேன், அந்த ஆள் உட்காரட்டும், பொண்ணு வாழ்ந்தால் போதும் என்று அவள் கெஞ்சியது பின்வரிசை வரை கேட்டது. மேஸ்திரியக்கா அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். மேஸ்திரியக்காவின் கண்ணில் தண்ணீரை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மண்டபத்தின் கடைசித் தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் நடந்து வந்தாள். பையனின் அம்மா. தாலி அறுத்தவள் என்று அவளை மகனின் கல்யாணத்திலேயே தூணுக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். வெளுத்த நீலப் புடவை. சூளையில் வெந்த கால்களில் கொலுசுகூட இல்லை. மேடை ஏறினாள். யாரோ ஒரு கிழவி, ஏம்மா நீ வரக் கூடாது என்று குரல் கொடுத்தாள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மகன் பக்கத்தில் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, புருஷனின் அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முன்னால் அவள் உட்கார்ந்ததையே அதுவரை யாரும் பார்த்ததில்லையாம்.

"எம் புள்ளையும் அப்பன் இல்லாம வளந்தவன்தான் மாமா. அப்பன் இல்லாதது தப்புன்னா, மொதல்ல எங்க ரெண்டு பேரயும் எழுப்புங்க."

பெரியப்பா ஓர் அடி பின்னால் போனார். பையன் அம்மாவின் முழங்கால்மேல் கையை வைத்தான். மேஸ்திரியக்கா தான் உட்கார்ந்திருந்த மணையை உருவி அந்தப் பெண்ணின் பக்கம் தள்ளிவிட்டு, தானும் தரையில் உட்கார்ந்தாள்.

மந்திரம் சொல்ல வந்த ஐயர் வயசானவர். முப்பது வருடமாக அந்தப் பக்கத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் வருகிறவர். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சண்டைக்கு இல்லை, நிஜமாகவே வழி தெரியாமல், இதில் கையைப் பிடித்துக் கொடுக்கிறவர் யார், தண்ணீர் விடுகிறவர் யார் என்று கேட்டார்.

"ரெண்டு பேரும் புடிக்கிறோம். ரெண்டு பேரும் ஊத்தறோம். நீ சொல்லு சாமி."

ஐயர் ஆரம்பித்தார். மேளக்காரர் தயங்கித் தயங்கி அடித்தார். ஒரே செம்பை நாலு கைகள் பிடித்திருந்தன. தண்ணீர் பெண்ணின் கைமேல் விழுந்து, பையன் கைமேல் வழிந்து, அவன் அம்மாவின் புடவையை நனைத்தது. அவள் நகர்ந்து உட்காரவில்லை.